கதிரைக் கையில் ஓர் ஆணித்துளை

நீங்கள் காலில் விழுந்து வணங்குகிற பெரியவருக்குத் தலை மழித்துவிடுகிறவர் யார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? அவர் சாமியாரோ குருவோ பிக்குவோ, யாராகவும் இருக்கட்டும். உங்கள் நெற்றி அவருடைய பாதத்தில் படுகிறது. அவருடைய உச்சந்தலையில் மாதம் இரண்டு தரம் ஒரு கை படுகிறதே, அந்தக் கைக்குப் பெயர் கிடையாதா?

புங்குடுதீவில் அந்தக் கையின் பெயர் தயாபரன்.

மடத்துவெளிச் சந்தியில் தகரக் கூரை போட்ட ஒரு சலூன் அவருடையது. ஒரு சுழல் கதிரை, ஓரம் கறுத்த ஒரு நிலைக்கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு வாங்கு. வயது ஐம்பத்தெட்டு. 1991இல் தீவைவிட்டு ஓடி, யாழ்ப்பாணம், வன்னி, முள்வேலி முகாம் என்று அலைந்து, 2010இல் மனைவி மனோகரியுடன் திரும்பி வந்தவர். வரும்போது இடுப்பெலும்பில் ஒரு செல் துண்டு, எறிகணைச் சிதறல், இருந்தது. தம்பி றஜீபன் கூட வரவில்லை. செல் துண்டை எடுக்க முடியாது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். தம்பியைப் பற்றி எவரும் எதுவும் சொல்லவில்லை.

அவருடைய தகப்பனுக்குச் சலூன் இருக்கவில்லை. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். வளவின் பின்பக்கம், மாட்டுக்கொட்டிலுக்கு அருகில், வீட்டுக்காரர் கதிரை போட்டு அமர்ந்திருப்பார். தகப்பன் குனிந்து நின்று வழிப்பார். நாற்பது வருடம் அப்படிக் குனிந்து நின்ற மனிதனைப் பார்த்து ஒரு வளவிலும் ஒருவரும் 'இரு' என்று சொல்லவில்லை. தேநீர் சிரட்டையில் வந்தது. தீவு முழுவதும் வெறுங்கையோடு ஓடிய நாளில் எல்லாரும் ஒரே வள்ளத்தில்தான் ஏறினார்கள். வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டுப் போனவர்கள், சாதியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போய், மறக்காமல் திருப்பிக் கொண்டும் வந்தார்கள்.

இந்த ஊருக்குத்தான் 2011இல் சீலவிசுத்தி தேரர் வந்தார். நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிற வழியில் ஒரு சிறிய விகாரை. தெற்கிலிருந்து வரும் யாத்திரை பஸ்கள் அங்கே நின்று, பூ வைத்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். அதற்குப் பொறுப்பாக வந்தவர் அவர். ஐம்பதைத் தொட்ட வயது, உயரம், கொஞ்சம் கூனல்.

ஒருநாள் காலை அவர் குடையை மடக்கிக்கொண்டு சலூனுக்குள் நுழைந்தார். வாங்கில் இருந்த இருவர் எழுந்து, ஏதோ வேலை நினைவு வந்தவர்கள் போல வெளியே போய்விட்டார்கள்.

"வணக்கம். எனது தலையை மழிக்க வேண்டும். நாளை போயா, பௌர்ணமி தினம்" என்றார் தேரர். முதலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்த தமிழ்.

"விகாரையிலை ஒருதரும் இல்லையோ, சாமி?"

"ஒரு சிறிய பிக்கு இருந்தார். அவர்தான் மழித்தார். அம்மா வேண்டும் என்று அழுதார். ஓடிவிட்டார்." சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "நல்ல காரியம் செய்தார்."

தயாபரன் கத்தியை விரித்துவிட்டு, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். முழத்துக்கு ஒரு கடற்படைக்காரன் நின்ற காலம் அது. பிக்குவின் தலையில் ஒரு கீறல் விழுந்தால் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

"பயமா?" என்று கண்ணாடிக்குள்ளிருந்து தேரர் கேட்டார். கண்ணாடியில் அவருடைய கண்கள் மூடியிருந்தன.

"ஓம், சாமி."

"எனக்கும் பயம். கத்தி உங்களிடம் இருக்கிறது."

தயாபரன் சிரித்துவிட்டார். முகாமிலிருந்து வந்தபிறகு ஒரு சிங்களவருக்கு முன்னால் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்த கை கத்தியை உச்சியில் வைத்தது. இடது காதுக்கு மேலே வந்தபோது விரலில் ஒரு நீளத் தழும்பு தட்டுப்பட்டது. அவர் கேட்கவில்லை. ஒரு தலையில் கை வைக்கிறவனுக்கு அதன் மேடுபள்ளம் எல்லாம் தெரியும்; கேட்க வேண்டியதும் வேண்டாததும் தெரியும்.

அடுத்த தடவை தேரர் சலூனுக்கு வரவில்லை. சந்தியில் பஸ்ஸை நிறுத்தி யாத்திரிகர்கள் படம் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். விகாரைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

தேரரின் அறையில் ஒரு கதிரை இருந்தது. தெற்கிலிருந்து ஒரு வியாபாரி கொடுத்த தேக்குக் கதிரை. முதுகு உயர்ந்தது, கை அகன்றது, மேலே வெள்ளைத் துணி விரித்தது. பிக்குவைத் தவிர வேறு எவரும் அதில் அமரக்கூடாது. கடற்படை அதிகாரி வந்தால் பாயில் அமர்ந்தார். பாராளுமன்ற உறுப்பினர் வந்தாலும் பாய்தான். கதிரையில் தேரர் அமர்ந்தார், தயாபரன் குனிந்தார். உயர்ந்த முதுகுப்பலகை பிடரியை மறைத்தது. எட்டிப் பார்த்தார், வளைந்து பார்த்தார். பத்து நிமிடத்தில் இடுப்பிலிருந்த செல் துண்டு தன் வேலையைக் காட்டியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தேரர் எழுந்தார். போய்க் கதவைச் சாத்தினார். வெள்ளைத் துணியை எடுத்து மடித்து வைத்தார். குசினிக்குள் போய், தேங்காய் துருவும்போது கீழே போட்டு இருக்கிற பலகைக்கட்டையைக் கொண்டுவந்து, கதிரைக்கு முன்னால் போட்டு அதில் அமர்ந்தார்.

"தாங்கள் கதிரையில் அமருங்கள்."

தயாபரனின் வாழ்க்கையில் அவரை எவரும் 'தாங்கள்' என்று அழைத்ததில்லை. ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட 'டேய்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"ஐயோ சாமி, ஏலாது."

"நிற்க ஏலாது. இருக்க ஏலும்" என்றார் தேரர். ஊர்ச் சொல் ஒன்று அவருக்கு அன்றைக்கு வாய்த்திருந்தது. "இருங்கள். நாளை போயா. பாதித் தலையோடு நான் போதனை செய்ய முடியாது."

தயாபரன் கதிரையின் விளிம்பில், முட்டையின் மேல் அமர்கிறவர் போல, பட்டும் படாமலும் இருந்தார். முழங்கால்களுக்கு நடுவே பிக்குவின் தலை வந்து நின்றது. கைக்கு வசதியான உயரம். கத்தி தண்ணீரில் போவதுபோலப் போனது.

அன்றிலிருந்து பதின்மூன்று வருடம், ஒவ்வொரு போயாவுக்கும் முதல்நாள், ஒவ்வொரு அமாவாசைக்கும் முதல்நாள், அதே கதிரை, அதே பலகைக்கட்டை. மூன்றாம் மாதத்தில் விளிம்பிலிருந்து உள்ளே நகர்ந்தார். முதல் வருடம் முடிவதற்குள் முதுகைச் சாய்த்தார்.

ஆணி வந்த கதை இதுதான். பிக்குகளுக்கு யாத்திரிகர்கள் பிரிகர என்று ஒரு பொதி கொடுப்பார்கள். காவி உடை, பாத்திரம், ஊசி, இடுப்புப் பட்டி, கூடவே ஒரு சவரக்கத்தியும் இருக்கும். சடங்குக்கு வைக்கிற கத்தி, வெண்ணெயையும் வெட்டாது. தேரரின் அலுமாரியில் அப்படி எண்பது கத்திகள் கிடந்தன. தயாபரன் புது பிளேட்டோடு வந்தபோது தேரர் மறுத்துவிட்டார்.

"யாரோ ஓர் ஏழை அம்மா நம்பிக்கையோடு தந்த கத்தி. பாவிக்காமல் துருப்பிடிக்க விடுவது சரியில்லை."

"நம்பிக்கையிலை முடி வெட்டுப்படாது, சாமி."

"அப்படியென்றால் தீட்டுங்கள்."

தகப்பனின் தகரப் பெட்டியில் கத்தி தீட்டும் தோல்வார் ஒன்று இருந்தது. அதை ஒரு பக்கம் கொளுவி இழுத்துப் பிடித்தால்தான் தீட்ட முடியும். அறையில் கொளுவ இடமில்லை. தேரர் ஒரு சுத்தியலை எடுத்துவந்து, எந்தத் தயக்கமும் இல்லாமல், அந்தத் தேக்குக் கதிரையின் வலது கையில் ஓர் ஆணியை அறைந்தார். தயாபரன் அமர்ந்திருந்தபடியே ஆணியில் தோல்வாரைக் கொளுவி, சரக் சரக்கென்று தீட்டுவார். அந்தச் சத்தத்துக்குள்தான் அவர்கள் கதைத்தார்கள்.

மூன்றாவது வருடத்தில் தழும்பைப் பற்றிக் கேட்டார்.

"துவக்கின் பின்பக்கத்தால் அடித்தது" என்றார் தேரர். அப்போது அவருடைய தமிழ் நன்றாகத் தேறியிருந்தது. "என் தம்பியை இலக்கத்தகடு இல்லாத வாகனத்தில் கொண்டுபோனார்கள். நான் முகாம் வாசலில் போய்க் கேட்டேன். காவி உடுத்திருந்தேன். அடித்தார்கள்."

"ஆர் சாமி அடிச்சது?"

"எங்கள் ஆட்கள்தான். எண்பத்தொன்பதில், எங்கள் இளைஞர்களின் கிளர்ச்சியை இராணுவம் அடக்கியபோது. தெற்கில்."

தயாபரன் கத்தியைத் திருப்பி மறுபக்கத்தைத் தீட்டினார். பிறகு, "என்ரை தம்பி ரெண்டாயிரத்து ஒன்பது" என்றார்.

"பெயர்?"

"றஜீபன்."

"என் தம்பி காமினி."

அவ்வளவுதான். ஆனால் அந்த அறையில் பிறகு நான்கு பேர் இருந்தார்கள்.

இதை எழுதுவது தேரரைப் புனிதராக்குவதற்கு அல்ல. புனிதராக்குகிற வேலையை வேறு ஆட்கள் நன்றாகவே செய்கிறார்கள். மறுநாள் காலையில் அதே தேரர் ஒலிவாங்கிக்கு முன்னால் அமர்ந்து கருணையைப் பற்றியும் நிலையாமையைப் பற்றியும் பேசுவார். ஆயிரம் தலைகள் குனியும். காணாமல் போன எந்தத் தம்பியும் அந்தப் பேச்சில் வரமாட்டான். ஒருநாள் தயாபரன் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"எனக்குச் சொன்னதை மைக்கிலை ஒருக்காச் சொன்னால் என்ன சாமி? அந்தச் சனத்திலையும் எத்தினை தாய்மார் பிள்ளையைக் குடுத்திட்டு இருக்கினமோ?"

தேரர் தலையைக் குனிந்தபடியே இருந்தார். மழிக்கும்போது குனிகிற குனிவு மாதிரி அது இல்லை.

"பயம்" என்றார்.

"அப்ப இந்தக் கதவையாவது திறந்து வையுங்கோவன். நான் கதிரையிலை இருக்கிறதைச் சனம் பார்க்கட்டும்."

"அதுவும் பயம்."

தயாபரனுக்குக் கோபம் வந்தது. வீட்டில் வந்து மனோகரியிடம் சொன்னார்: "எங்கடை ஐயாவை வளவுக்குப் பின்னாலை நிப்பாட்டி வைச்சாங்கள். என்னைக் கதவுக்குப் பின்னாலை இருத்தி வைச்சிருக்கிறார். வித்தியாசம் இருக்குத்தான். ஆனால் பின்னாலைதானே?"

"உள்ளை இருத்தினவர் ஒருநாளைக்கு வெளியிலையும் இருத்துவார், இருந்து பாருங்கோ" என்றாள் மனோகரி.

அந்த நாள் வந்தது. 2024 ஆவணியில் தேரருக்குச் சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. போயாவும் இல்லை, அமாவாசையும் இல்லை. தயாபரனைக் கூப்பிட்டு அனுப்பினார். பலகைக்கட்டையில் அவராக அமர முடியவில்லை. தயாபரன்தான் பிடித்து இருத்தினார்.

"கதவைத் திறந்து வையும்" என்றார் தேரர். 'தாங்கள்' எப்போதோ 'நீர்' ஆகியிருந்தது. தயாபரனுக்கு அதுதான் கிட்டவாகப் பட்டது.

"சாமி?"

"நன்றாகத் திறவும். யன்னலையும்."

தயாபரன் திறந்தார். சோளகக் காற்று ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. கடல் கொந்தளித்ததால் படகு ஓடவில்லை. படகு ஓடாததால் பஸ் வரவில்லை. முற்றத்தில் ஒரு மனிதரும் இல்லை. இரண்டு ஆடுகளும் ஒரு நாயும் நின்றன. பதின்மூன்று வருடம் பயந்து பயந்து ஒருவர் கடைசியில் கதவைத் திறந்தார், பார்க்க ஆடு நின்றது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தேரர்தான் முதலில் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க மூச்சு முட்டியது.

"பிந்திவிட்டேன், தயாபரன்."

"பரவாயில்லை சாமி. ஆடு போய்ச் சொல்லும்."

மழித்து முடிந்ததும், தோல்வாரைக் கொண்டுபோகச் சொன்னார். தயாபரன் அதோடு ஆணியையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மூன்று கிழமை கழித்து, தேரர் காலமான செய்தி வானொலியில்தான் வந்தது. உடலை ஆஸ்பத்திரியிலிருந்தே தெற்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்று கிழமை வளர்ந்த முடியோடு போனாரா, வேறு யாரும் மழித்தார்களா என்பதுதான் தயாபரனை அன்றிரவு உறங்கவிடாமல் செய்தது.

அடுத்த வருடம் விகாரையில் நினைவறை திறந்தார்கள். தயாபரனும் மனோகரியும் சனத்தோடு சனமாகப் போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கதிரை. புதிதாக வார்னிஷ் அடித்து மினுங்கியது. மேலே வெள்ளைத் துணி. பதிவு செய்த ஒரு குரல் சிங்களத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முகாமிலும் தேரரிடமும் கற்ற சிங்களம் தயாபரனுக்குப் போதுமானதாக இருந்தது. 'தேரரைத் தவிர எந்த மனிதரும் அமராத புனித ஆசனம். வலது கையில் தெரியும் துளையைப் பாருங்கள். தியானத்தில் இருந்த தேரரை நோக்கிப் பயங்கரவாதிகள் சுட்ட சன்னம், அவருடைய கருணையால் திசைமாறிப் பாய்ந்த இடம்.'

மனோகரி முழங்கையால் இடித்தாள். "இஞ்சேருங்கோ, அது உங்கடை ஆணி ஓட்டையெல்லோ?"

2009இல் முடிந்த போர். 2011இல் வந்த மனிதர். இடையில் இரண்டு வருடம் அந்தச் சன்னம் எங்கே சுற்றித்திரிந்தது? அங்கே நின்ற முந்நூறு பேரில் ஒருவருக்கும் கணக்குத் தெரியாதா? தெரியும். கை கூப்பியவுடன் கணக்கு மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

தயாபரன் புதிதாக வந்த இளம் தேரரைப் போய்ப் பார்த்தார். நல்ல பிள்ளை, கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் இதைச் சொன்னால் பக்தர்களின் மனம் நோகும்."

"என்ரை மனம்?" என்று தயாபரன் கேட்டார். இளம் தேரர் மேசையில் கிடந்த நன்கொடைப் புத்தகத்தைத் திறந்தார்.

ஊருக்குள் கதை பரவியது. சுவிஸிலிருந்து ஓய்வு பெற்று வந்து கோயில் சபைக்குத் தலைவரான வசீகரன், முடி வெட்டுகிற சாட்டில் சலூனுக்கு வந்தார். தயாபரனின் தகப்பன் குனிந்து நின்ற வளவுகளில் ஒன்று வசீகரனுடைய தகப்பனின் வளவு.

"உதைச் சொல்லிக்கொண்டு திரியாதை தயாபரன். ஊருக்கு வெட்கம்."

"என்ன வெட்கம், அண்ணை? சன்னம் எண்டு பொய் சொல்லுறதோ?"

"அது அவங்கடை பாடு. நீ அந்தக் கதிரையிலை இருந்தனான் எண்டு சொல்லுறதைத்தான் சொல்லுறன். நாங்களே பாயிலை இருந்திட்டு வந்தனாங்கள். நீ மேலை இருந்தனியாம், ஆர் நம்புவினம்?"

தயாபரன் சுழல் கதிரையை மெல்லக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். "அண்ணை, இப்ப நீங்கள் இருக்கிற கதிரையிலையும் சனம் இல்லாத நேரத்திலை நான் இருக்கிறனான். எழும்பப் போறியளோ?"

வசீகரன் எழும்பவில்லை. பாதித் தலை மிச்சமிருந்தது.

முப்பது வருடம் ஒருவரையொருவர் கொன்ற இரண்டு பக்கமும் இந்த ஒரு விடயத்தில் ஒற்றுமையாகிவிட்டன: அந்தக் கதிரையில் தயாபரன் இருக்கவில்லை. அவர் இருந்த பதின்மூன்று வருடத்தை ஒரு பக்கம் கருணையாலும் மறுபக்கம் மானத்தாலும் அழித்தது. அதுதான் அவரைக் குத்தியது. புகழ் அவருக்குத் தேவைப்படவில்லை. தான் உண்மையாகவே முதுகு சாய்த்து இருந்த ஒரே இடத்திலிருந்து எழுப்பிவிடப்படுகிறோம் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கடந்த மாசிப் போயாவுக்கு முதல்நாள், தூசு துடைப்பதற்காகக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்திருந்தார்கள். வெளியே இரண்டு பஸ் சனம் பூத்தட்டுகளோடு நின்றது. பழக்கப்பட்ட அதே நாள், அதே நேரம். தயாபரன் தகரப் பெட்டியோடு நேரே உள்ளே போனார். பழைய ஆணியைத் துளையில் வைத்து, கத்திப்பிடியால் நான்கு தட்டுத் தட்டினார். அளவாகப் போய் இறுகியது. தோல்வாரைக் கொளுவினார். ஒரு பிரிகரக் கத்தியை எடுத்துத் தீட்டினார். சரக், சரக். பூத்தட்டுகள் அசையாமல் நின்றன.

"போயாவுக்கு முதல்நாள் சாமிக்குத் தலை மழிச்சனான். பதின்மூண்டு வருஷம். இதிலை இருந்துதான்" என்று தன் சிங்களத்தில் சொன்னார்.

வெள்ளை உடுத்த ஒரு முதிய பெண் முன்னால் வந்தாள். அவளுக்குத் தேரரைப் பற்றித்தான் சந்தேகம். "அப்படியென்றால் எங்கள் ஹாமுதுரு எங்கே இருந்தார்?"

தயாபரன் குசினியைக் காட்டினார். அந்தப் பலகைக்கட்டை அரிசிப் பீப்பாய்க்குக் கீழே முண்டுகொடுக்கப் போடப்பட்டிருந்தது. யாரோ இழுத்து எடுத்து வந்தார்கள். தேங்காய்ப்பூ காய்ந்து ஒட்டியிருந்தது. முதிய பெண் அதைத் தரையில் வைத்தாள். அடுத்த கணம் பூவைப் போட்டு விழுந்து கும்பிட்டாள். பின்னால் நின்ற சனமும் கும்பிடத் தொடங்கியது.

தயாபரன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, கும்பிடாதேங்கோ. இருந்து பாருங்கோ. இருக்கிறதுக்குத்தானே பலகை?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பூவை ஒதுக்கினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல அந்தப் பலகைக்கட்டையில் அமர்ந்தாள். அங்கிருந்து கதிரையையும், அதன் பக்கத்தில் நின்ற மனிதரையும் அண்ணாந்து பார்த்தாள். பிறகு கதிரையைக் காட்டிச் சொன்னாள்: "நீங்கள் இருங்கள். எப்படி என்று பார்க்க வேண்டும்."

கதவு திறந்திருந்தது. சனம் பார்த்துக்கொண்டிருந்தது. தயாபரன் இருந்தார். முதுகைச் சாய்த்தார்.

அன்று மாலையே பெட்டியைப் பூட்டிவிட்டார்கள். தோல்வாரைத் தயாபரனிடம் கொடுத்து அனுப்பினார்கள். ஆணியை மட்டும் எவரும் கழற்றவில்லை. இளம் தேரர் கழற்ற வேண்டாம் என்றாராம், அல்லது மறந்துவிட்டார்களாம். குரல் இன்றும் அதே கதையைச் சொல்கிறது. சன்னம் பாய்ந்த துளையைப் பாருங்கள் என்கிறது. சனம் பார்க்கிறது. துளைக்குள் ஆணி இருக்கிறது. ஒருவரும் கேட்பதில்லை.

நீங்கள் கேளுங்கள். அடுத்த தடவை குறிகட்டுவானுக்குப் போகும்போது அங்கே இறங்கி, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, உரத்த குரலில், இது யாருடைய ஆணி என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மடத்துவெளிச் சந்திக்கு வாருங்கள். பதில் சொல்ல ஆள் இருக்கிறார். அதற்கு முன்னால், இன்றைக்கே, உங்கள் வீட்டு வளவில் வேலைக்கு வந்து நின்றுகொண்டிருக்கிற மனிதருக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போடுங்கள். பின்பக்கத்தில் போடாமல், எல்லாரும் பார்க்க, முன்வாசலில் போடுங்கள்.